காதல் நாவலுக்கு ஒரு மாதக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதம் பத்து காதல் நாவல் என்று இலக்கு வைத்துப் படிக்கலாமே என்று தங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். ஆர்வம் நல்லதுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் தமிழ் படிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. வீட்டிலும் வேலையிலும் ஆங்கிலமே புழங்குகிற ஊர் இது. தமிழ் எழுத்தைக் கண் மெல்லத்தான் பிடிக்கும். பத்து என்று வைத்துக்கொண்டால் மெலிந்த மாத நாவல்களாகப் பார்த்துப் பொறுக்குவார்கள், நடுவே இரண்டு அத்தியாயம் தாண்டுவார்கள், மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவார்கள்.

முதலில் அவரவர் வேகம் தெரிய வேண்டும். பழக்கமில்லாத ஒரு நாவலை எடுத்து, பத்து நிமிடம் சாதாரணமாகப் படித்து, எத்தனை பக்கம் ஆனது என்று பாருங்கள். நான்கு பக்கம் என்றால் 200 பக்கக் குடும்ப நாவலுக்கு 500 நிமிடம். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் 17 நாள். மீதி 13 நாளில் விசேஷம், விருந்தாளி என்று ஐந்தைக் கழித்தால் எட்டு நாள்; அதில் 96 பக்கம். ஆக ஒரு பெரிய நாவல், ஒரு சிறு நாவல். இதுதான் நியாயமான மாத இலக்கு. முதல் அத்தியாயத்தை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். புதுப் பெயர்களும் உறவுமுறையும் பிடிபட நேரமாகும், கணக்குக் குறைத்துக் காட்டும். மூன்றாவது அத்தியாயத்தில் அளந்தால் சரியாக வரும்.

பன்னிரண்டு மாதமும் ஒரே இலக்கு வைப்பதும் தவறு. தைப்பூசக் காவடி, பள்ளி திறப்பு இரண்டும் நெருங்கி வரும் காலத்தில் சிறு நாவல் ஒன்று முடிந்தாலே பெரிது. புரட்டாசியில் சனிக்கிழமைதோறும் பூசை, சமையல். டிசம்பரில் வீடு நிறையப் பிள்ளைகள். ஜூன், ஜூலை குளிர்காலத்தில்தான் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்; பெரிய புத்தகத்தை அப்போது தொடங்க வேண்டும்.

எதைப் படிப்பது? தொடங்குகிறவர்களுக்கு ரமணிசந்திரன். வாக்கியம் சின்னது, உரையாடல் அதிகம், பக்கம் தானாக ஓடும். அடுத்து லட்சுமி. மருத்துவரான இவர் இருபது ஆண்டுக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் அவர் பெயரே தெரியாமல் இருப்பது வருத்தம். அவருடைய 'பெண் மனம்' நாவல்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' படமானது. படம் பார்த்த பெரியவர்களுக்குப் பாதி வழி தெரிந்த கதை, படிக்கவும் சுலபம். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' கொஞ்சம் கனமான தமிழ். அரவிந்தன், பூரணி என்று நாயகன், நாயகி பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கும் அளவுக்கு வாசகர்களை ஆட்டிவைத்த காதல் அது. ஒரு மாதம் முழுக்க அதற்கே கொடுக்கலாம். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தை ஒரே மூச்சில் முடிக்க நினைத்துத் தோற்றவர்கள் ஏராளம். நான்கு பாகம்; பெரிய பாகத்துக்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். முடிவு சுபமாக இருந்தால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு ஒன்று: நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'.

இணையத்தில் வரும் தொடர்கதைகளில் எச்சரிக்கை தேவை. 'அடுத்த யூடி (புது அத்தியாயம்) எப்போ?' என்று கேட்டுக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முற்றும் போடாத கதையை மாத இலக்கில் சேர்க்கவே கூடாது. பல எழுத்தாளர்கள் கதை முடிந்ததும் புத்தகமாகவோ கிண்டிலிலோ போட்டுவிட்டு, தளத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பாதியில் நிற்பவர் அப்படியே நிற்க வேண்டியதுதான். முடிந்த கதையா என்று பார்த்துத் தொடங்குங்கள். கட்டாயத் தாலி கட்டுகிற ஆன்டி ஹீரோக்களும் அங்கே மலிந்து கிடக்கிறார்கள். 'என்ன நடந்தது?' என்று நாயகி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐம்பதாவது பக்கத்திலேயே தீர்ந்திருக்கும் சண்டையை முந்நூறு பக்கம் இழுப்பது காதல் கதையாகாது.

பழைய நாவல்கள் பல மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய திட்டம் என்பதால் சில கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும்; திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று விட்டுவிடாமல் அதன் யூனிகோட் வடிவத்தை எடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆறு அங்குல மின்னூல் கருவியில் பொடியாகத் தெரியும். அதற்குப் பெரிய டேப்லெட்தான் சரி. எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழின் நீளச் சொற்களால் வரிகளுக்கிடையே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டுமாறு அமைப்பை மாற்றினால் கண் உறுத்தாது.

அச்சில் வாங்குகிறவர்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து வரவழையுங்கள். ஒற்றை நாவலுக்கு அஞ்சல் செலவே விலையைத் தாண்டும். இங்கே புத்தகத்துக்கும் 15 விழுக்காடு வாட் வரி உண்டு. நடுவில் கம்பிப் பின் அடித்த மாத நாவல்கள் டர்பன் கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும். துரு தாளைத் தின்று, நடுப்பக்கம் முதலில் கழன்று வரும். கைக்கு வந்ததும் மழுங்கிய கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். கம்பி இருந்த துளைகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே இன்னொரு துளை போட்டு, பருத்தி நூல் கோத்த ஊசியை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல் துளையில் நுழைத்து, கீழ்த் துளையில் வெளியே இழுத்து, நடுத்துளை வழியாகத் திரும்பி வந்து முடிச்சிடுங்கள். நைலான் நூல் வேண்டாம், தாளை அறுத்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் மதிப்புரையில் விலையை மட்டும் போடுகிறீர்கள். பக்க எண்ணிக்கை, எடை, தனி நாவலா தொடரின் பாகமா, மின்னூல் உண்டா என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் கடல் கடந்து வரவழைக்கிற எங்களுக்குக் கணக்குப் போட வசதியாக இருக்கும். முடிவு சுபமா என்பதையும் போடலாம். கதையைச் சொல்ல வேண்டாம், 'சுபம்' என்ற ஒரு சொல் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்