பூஜ்யம் போடட்டுமா, கோடு போடட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் ஊர்க் கல்லூரிகளின் தரவரிசை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் ‘ஆய்வில் முன்னணி’ என்ற சொல் நாலைந்து இடத்தில் வருகிறது. எதை வைத்து முன்னணி என்று கட்டுரை கேட்கவேயில்லை. முப்பது வருடம் செயல்முறைகள் ஆராய்ச்சி (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்; வரிசை, சரக்குப் போக்குவரத்து மாதிரி வேலைகளைக் கணக்குப் போட்டுச் சீராக்கும் துறை) பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் வடமேற்கு மூலை விதி என்று ஒன்று வருமே, அதே பாடம்தான்.

பல வருடம் முன்பு என்னிடம் எம்.எஸ்சி. படித்த ஒரு பெண், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மருந்து கவுன்ட்டர் பக்கம் மூன்று வாரம் காலை 7 மணிக்கே போய் நின்றாள். கையில் ஒரு வாட்ச், கோடு போட்ட நோட்டு. நாலு கவுன்ட்டர், நாலு வரிசை. முன்னால் நிற்கும் பாட்டி சீட்டைக் காணோம் என்று பையைத் துழாவினால் அந்த வரிசை அப்படியே நின்றுவிடும். பக்கத்து வரிசைக்குத் தாவுகிறவருக்கும் அங்கே நிற்பவருக்கும் சண்டை. நிமிடத்துக்கு 3 பேர் வர, எந்நேரமும் 120 பேர் நின்றார்கள் என்றால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 120-ஐ 3-ஆல் வகுத்தால் போதும், யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்த விதி அது. அவள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: நாலு வரிசையை ஒன்றாக்குங்கள், எந்த கவுன்ட்டர் காலியாகிறதோ அங்கே அடுத்தவர் போகட்டும். ஒரு கயிறும் இரண்டு ஸ்டூலும் போதுமாயிருந்தது. சராசரி பெரிதாகக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ராசியில்லாத வரிசையில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது ஒழிந்தது, சண்டையும்தான்.

அந்த வருடம் துறையில் நிரப்பிய படிவத்தில் ஆய்வுக் கட்டுரை எத்தனை, அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய மேற்கோள் எத்தனை, ஆலோசனைப் பணியில் வந்த தொகை எவ்வளவு என்று கட்டங்கள். நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. “சார், பூஜ்யம் போடட்டுமா, கோடு போடட்டுமா?” என்று கேட்டார் அலுவலக உதவியாளர். பூஜ்யம் போட்டோம்.

அதே படிவத்தில் போக்குவரத்துக் கணக்கைப் பற்றி, அதாவது எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு அனுப்பினால் செலவு குறையும் என்பதைப் பற்றி, வரிசையாகக் கட்டுரைகள் இருந்தன. முதலில் முக்கோண ஃபஸ்ஸி எண் (துல்லியமாகத் தெரியாத அளவைக் குறிக்கும் எண்), அப்புறம் சரிவக எண், அப்புறம் அறுகோண எண். எல்லாவற்றிலும் எடுத்துக்காட்டு, மூன்று கிடங்கும் நாலு கடையும் உள்ள ஒரே அளவு அட்டவணை. அந்தக் கட்டுரைகளால் எந்த லாரியும் தடம் மாறியதாகத் தெரியவில்லை. அத்தனைக்கும் மதிப்பெண் உண்டு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கு 100-க்கு 30 மதிப்பெண் ஆய்வுக்கும் தொழில்சார் பணிக்கும் போகிறது. அதில் பெரும்பங்கு கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும்தான். ஆலோசனைப் பணியைப் பார்க்கிறார்கள், ஆனால் ரூபாயில்.

மேற்கோள் கணக்கும் எங்கள் துறைக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்பது ஓர் ஆய்விதழில் முந்தைய இரண்டு வருடம் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோளை மட்டும் பார்ப்பது. எங்கள் துறையில் ஒரு கட்டுரை மதிப்பீட்டாளர்களிடம் போய்த் திரும்பவே ஒரு வருடம் ஆகிவிடும், அதற்குள் மேற்கோள் எங்கே சேரும்? 2005-இல் ஹெர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த ஹெச்-இண்டெக்ஸ் இன்னொரு வேடிக்கை. தலா பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரை பத்து இருந்தால்தான் ஒருவருக்கு அது 10. லிட்டில் அந்த ஒரு கட்டுரையோடு நிறுத்தியிருந்தால், உலகமே அந்த விதியைப் பயன்படுத்தினாலும் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 1.

வேறு வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2014 முதல் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வு வெளியுலகில் எதை மாற்றியது என்று சான்றோடு எழுதித் தரவேண்டும். அதற்கு முதலில் 20 சதவீதம், 2021-இல் 25 சதவீதம் மதிப்பு. செயல்முறைகள் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் தரப்படும் எடல்மன் பரிசும் நடைமுறையில் கிடைத்த பலனைப் பார்த்துத்தான். அங்கேயும் கதை அளப்பவர்கள் இருப்பார்கள், சரி. ஆனாலும் அந்தக் கதையை மருந்து கவுன்ட்டர் வரை போய்ச் சரிபார்த்துவிடலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியல் வரும்போது முன்னணிக் கல்லூரிகளிடம் உங்கள் நிருபர் கேட்கட்டும்: சென்னையில் எந்த பஸ் நேரத்தை, எந்த ரேஷன் கிடங்கை, எந்த வரிசையை உங்கள் ஆய்வு மாற்றியது? பதிலை அப்படியே அச்சிடுங்கள், பூஜ்யம் என்றாலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
குரோம்பேட்டை, சென்னை