பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

பாப்பா,

நீ அனுப்பிய ஷூட்டிங் போட்டோ வந்தது. மானிட்டரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாய். முகம் கறுத்திருக்கிறது, ஆனால் நிற்கிற நிலையில் அப்பாவேதான். கையில் வளையல் இல்லை. வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பாய்.

மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை. செட்டில் சத்தம், தெரியும். அதனால் எழுதுகிறேன்.

படத்துக்கு வாங்கிய கடனின் வட்டியை மாதக் கணக்காகப் பார்க்காதே, ரிலீஸ் தேதி வரைக்கும் போட்டுப் பார். 80 லட்சத்துக்கு 3 வட்டி என்றால் மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம். 14 மாதம் இழுத்தால் 33 லட்சத்து 60 ஆயிரம். படத்தில் ஒரு பிரேம்கூட அந்தப் பணத்தால் வராது.

ஷூட்டிங் 4 நாள் கூடினால் டப்பிங், நிறம் சரிசெய்கிற டிஐ, பின்னணி இசை, மிக்ஸிங்குக்கு வைத்ததில்தான் கை வைப்பார்கள். அதை இன்றைக்கே தனிக் கணக்கில் போடு. சின்னப் படங்கள் எடுத்து முடித்த பிறகு பெட்டியில் தூங்குவது இதனால்தான். லைட்மேன் பேட்டா மட்டும் அன்றன்றைக்கே பைசல் பண்ணு. ஃபுட்டேஜ் மூன்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று எடிட்டிங் அறைக்கு வெளியே.

கதாசிரியர் ஒப்பந்தத்தில் கதை உரிமை எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று எழுதினாயா? எழுதாவிட்டால் காப்புரிமைச் சட்டப்படி 5 வருடம், இந்தியா மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சிங்கப்பூர், மலேசியா விற்கும்போது மாட்டிக்கொள்வாய். கதையில் ஆடு வருகிறதே, விலங்கு நல வாரிய அனுமதி ஷூட்டிங்குக்கு முன்பே வாங்கியாயிற்றா? இல்லையென்றால் சென்சாரில் நிறுத்துவார்கள்.

வட்டியைப் பார்த்துக்கொள். கடன் தீராமல் படத்தை வெளியே விடக் கூடாது என்கிற லேப் லெட்டர் கேட்டால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. ஃபைனான்சியர் கிளியரன்ஸ் தராமல், தியேட்டரில் படத்தை ஓட விடும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் வராது. ரிலீஸுக்கு முந்தின வியாழன் ராத்திரி 12 மணிக்குத் தியேட்டர்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், நீ ஃபைனான்சியர் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவாய். மதுரை ஏரியா, கோவை ஏரியா விநியோக உரிமை எல்லாம் அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். தேதி எழுதாத செக் எதுவும் கொடுக்காதே. கொடுத்திருந்தால் நம்பரையாவது எழுதி வை.

எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். 38 நாள் ஷெட்யூலை நீ பிரித்திருந்த விதத்தைப் பார்த்தேன். இரவுக் காட்சிகளை ஒரே ஊரில் சேர்த்திருக்கிறாய். முப்பது வருடம் கம்பெனிக் கணக்கு எழுதியவள் சொல்கிறேன், அது நல்ல வேலை. ஆனால் ஃபைனான்ஸ் எங்கே வாங்கினாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன்? வடபழனி வீட்டுப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன். அந்த வட்டி கட்டுப்படியாகாது என்று முந்தின ராத்திரியே நோட்டில் போட்டுப் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

செவ்வாய்க்கிழமை அத்தை மதுரை வருகிறாள். நார்த்தங்காய் ஊறுகாயும் உன் பருத்திப் புடவை இரண்டும் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது வவுச்சர் கட்டை அவளிடம் கொடு, நான் சரிபார்க்கிறேன். வேறு ரசீது, சீட்டு எது இருந்தாலும் அதோடு வை. எதுவும் கேட்க மாட்டேன். மீட்க எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா