டவுன்லி மாளிகையை எழுத்தில் கட்டிவைத்துவிட்டுப் போங்கள்

பர்ன்லி நகர மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் கவுண்டி, நகரம் என்று இரண்டு அடுக்காக இருக்கும் உள்ளாட்சி மன்றங்களை ஒரே அடுக்காக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பர்ன்லி இருக்கும் லங்காஷயரும் அதில் உண்டு. அது நடக்கும்போது உங்கள் மன்றம் இருக்காது, நீங்கள் அருங்காட்சியகமாக நடத்தும் டவுன்லி மாளிகையின் சாவி வேறு கைக்குப் போகும். அதற்குள் மாளிகையும் அதன் சேகரிப்பும் ஊரைவிட்டுப் போகாதபடி நீங்கள் எழுத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

டவுன்லி குடும்பம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த வீடு அது. கத்தோலிக்க வழிபாடு குற்றமாக இருந்த காலத்திலும் மதம் மாறாத குடும்பம். மூடப்பட்ட வாலி மடத்திலிருந்து காப்பாற்றிய பதினைந்தாம் நூற்றாண்டுப் பாதிரியார் அங்கிகளை இன்றும் அங்கே பார்க்கலாம். 1901இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லேடி ஓஹேகனிடமிருந்து உங்கள் முன்னோடிகள் 17,500 பவுண்டுக்கு வீட்டையும் 62 ஏக்கர் நிலத்தையும் வாங்கினார்கள். தறிச் சத்தம் ஓயாத ஒரு நெசவாலை ஊர், பொதுப்பணத்தில் ஒரு பிரபுவின் வீட்டை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. எனக்கு அந்த வீட்டின் கதையிலேயே பெரிய விஷயம் இதுதான்.

அங்குள்ள ஓவியங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் சோஃபனி வரைந்ததன் முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பழஞ்சிலைகளைச் சேகரித்த சார்ல்ஸ் டவுன்லி தன் லண்டன் வீட்டு நூலகத்தில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார், காலடியில் நாய். சுற்றிலும் தரை, அலமாரி, மேசை என்று எங்கும் பளிங்குச் சிலைகள். உண்மையில் அவை வீடு முழுக்கப் பரவியிருந்தவை. ஓவியர்தான் ஒரே அறைக்குள் கூட்டிவந்திருக்கிறார். 1780களின் தொடக்கத்தில் வரைந்த படத்தில், 1791இல் இத்தாலியில் கிடைத்த வட்டெறிபவன் சிலையும் இருக்கிறது. அதைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். 1805இல் டவுன்லி இறந்ததும் சிலைகளை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. சிலைகள் லண்டனில், அவற்றின் படம் அவர் பிறந்த வீட்டில். இந்தப் படத்தை வேறு எந்தச் சுவரில் மாட்டினாலும் பாதிக் கதை போய்விடும்.

விக்டோரியா கால ஓவியர்களான அல்மா-டாடிமா, வாட்டர்ஹவுஸ் ஆகியோரின் படங்களும் அங்கே உண்டு. சந்தையில் என்ன விலை போகும் என்று எவரும் கணக்குப் போடக்கூடியவை. என் பயமே அதுதான்.

1964ஆம் ஆண்டு நூலக, அருங்காட்சியகச் சட்டப்படி நூலகம் நடத்துவது உள்ளாட்சியின் கடமை. அருங்காட்சியகம் அப்படியில்லை, விருப்பம் இருந்தால் நடத்தலாம், அவ்வளவுதான். கஜானா காலியாகும்போது முதலில் எதில் கை வைப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நார்தாம்ப்டன் மன்றம் 2014இல் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய செகெம்கா என்ற எகிப்தியச் சிலையை ஏலத்தில் விட்டது. 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அருங்காட்சியகத்தை விரிவாக்கப் பணம் வேண்டும் என்பதுதான் காரணம். சரி, நல்ல நோக்கம்தான். ஆனால் சிலை தனியார் கைக்குப் போனது, அருங்காட்சியகம் தன் அங்கீகாரத்தை இழந்தது. விற்ற அந்த மன்றமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று யாரைப் போய்க் கேட்பது?

அதனால், கலைவதற்கு முன் மாளிகையையும் சேகரிப்பையும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், விற்கவோ நிரந்தரமாக வெளியூர் அனுப்பவோ கூடாது என்ற நிபந்தனையைச் சட்டம் தெரிந்தவர்களை வைத்து ஒப்படைப்பு ஆவணங்களில் எழுதச் செய்யுங்கள். அப்புறம், கிடங்கில் இருப்பது உட்பட ஒவ்வொரு பொருளின் பட்டியலையும், எது நன்கொடை, எது பொதுப்பணத்தில் வாங்கியது என்ற விவரத்தோடு இப்போதே வெளியிடுங்கள். என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரிந்தால்தான், ஒன்று காணாமல் போகும்போது ஊர் கேட்க முடியும்.

அன்புடன்,
டவுன்லிக்கு வந்துபோகும் ஒருவர்