நூல் தெரிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விளையாட்டு, மலையேற்றம், சுயமுன்னேற்றம் ஆகிய துறைகளில் நூல்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பில் இருக்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே சொல்லும் நூலைப் பட்டியலில் சேர்க்கும்போது, அதே நிகழ்வை வேறு கண்ணால் பார்த்த நூல் ஒன்று இருக்குமானால், அதையும் அடுத்த வரியிலேயே சேருங்கள். புனைவல்லாத நூல் என்ற முத்திரை விழுந்துவிட்டாலே, அதில் உள்ளதெல்லாம் அப்படியே நடந்தது என்று இளம் வாசகர்கள் நம்பிவிடுகிறார்கள்.

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000இல் வெளியிட்ட தன்வரலாறு, புற்றுநோயிலிருந்து மீண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கதையாக உலகெங்கும் வாசிக்கப்பட்டது. ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அவருடைய ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு அவரே அதை ஒப்புக்கொண்டார். இதனால் அந்த நூலையே நீக்கிவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. நோயோடு அவர் போராடியது பொய்யல்லவே. அவருடைய அணியிலேயே ஓட்டிய டைலர் ஹாமில்டன் 2012இல் எழுதிய ‘தி சீக்ரெட் ரேஸ்’ பக்கத்தில் இருந்தால், எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்புவது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

இதைவிட நுட்பமானது நேபாளத்தின் அன்னபூர்ணா சிகரம் பற்றிய நூல்களின் கதை. 8,091 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை 1950 ஜூன் 3 அன்று பிரெஞ்சு மலையேறிகளான மோரிஸ் எர்சோக்கும் லூயி லாஷெனாலும் அடைந்தார்கள். எண்ணாயிரம் மீட்டரைக் கடந்த சிகரம் ஒன்றில் மனிதர் கால் பதித்தது அதுவே முதல் முறை. இறங்கும் வழியில், பையைத் திறப்பதற்காகக் கழற்றிய கையுறைகள் சரிவில் உருண்டு மறைந்ததை எர்சோக் தம் நூலில் விவரிக்கும் இடம் படிப்பவர் விரல்களையே விறைக்க வைக்கும். பனிக்கடியால் அவர் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். லாஷெனால் கால்விரல்களை இழந்தார். ஆனால் அந்த நூலில் ஒளிர்வது ஒரு பரவசம். உயிரைக் கொடுத்தேனும் சிகரம் தொட வேண்டும் என்ற பரவசம். குழுவினர் ஐந்தாண்டுகளுக்கு எதையும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்ததால், அந்தக் காலம் முழுவதும் கேட்டது எர்சோக்கின் குரல் மட்டுமே. 1955இல் லாஷெனால் இறந்த பின் வெளிவந்த அவருடைய குறிப்புகளும் வெட்டித் திருத்தப்பட்டிருந்தன. முழு வடிவம் அச்சேற 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. அதில் அவர் சொல்வது எளிமையானது: தம் கால்கள் உறைவதை உணர்ந்து திரும்பிவிடவே விரும்பினார், தாம் திரும்பினால் எர்சோக் தனியே போய் மீளமாட்டார் என்று தெரிந்ததால்தான் தொடர்ந்தார். நாட்டின் பெருமைக்காக அல்ல, ஒரே கயிற்றில் கட்டுண்ட தோழனுக்காக நடந்த நடை அது என்கிறார். என் கணிப்பில், ஒரு மாணவருக்குத் துணிவைப் பற்றிக் கற்பிக்க எர்சோக்கின் நூலைவிட இந்தச் சில பக்கங்களே அதிகம் உதவும்.

புயலில் சிக்கி மலையேறிகள் பலர் இறந்த 1996 மே மாத எவரெஸ்ட் பேரிடருக்கும் இதே முறை பொருந்தும். பத்திரிகையாளராகச் சென்ற ஜான் கிராக்கவர் ‘இன்டு தின் ஏர்’ நூலில், வழிகாட்டியான அனதோலி புக்ரீவ் தம் குழுவினருக்கு முன்பே கீழே இறங்கிவிட்டதைக் கடுமையாகக் குறை கூறினார். உதவிக்குத் தயாராக இருக்கவே தலைவரின் ஒப்புதலோடு இறங்கியதாகப் புக்ரீவ் ‘தி கிளைம்ப்’ நூலில் பதிலளித்தார்; அன்றிரவு புயலுக்குள் தனியே சென்று மூவரை மீட்டு வந்தவரும் அவரே. இரண்டும் வெளியானது 1997இல். ஒன்றை மட்டும் வாங்கிவைப்பது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது போன்றது.

சுயமுன்னேற்ற நூல்களில் இந்தத் தேவை இன்னும் அதிகம். அங்கே எண்கள் கதைகளைவிட வேகமாகப் பரவுகின்றன. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற வாக்கின் வேர், முகச் சீரமைப்பு அறுவை மருத்துவரான மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூலில் உள்ளது. நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்விலோ சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு திறனில் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற விதியும் அப்படியே. மால்கம் கிளாட்வெல் 2008இல் ‘அவுட்லையர்ஸ்’ நூலில் அதைப் பரப்பினார். அதற்கு ஆதாரமான 1993 ஆய்வை நடத்திய ஆண்டர்ஸ் எரிக்சனோ, அது இருபது வயதில் சிறந்த வயலின் மாணவர்கள் எட்டியிருந்த சராசரி மட்டுமே, அவர்களில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை என்று 2016இல் ‘பீக்’ நூலில் மறுத்தார். முதல் நூல் உங்கள் பட்டியலில் இருக்குமானால், இரண்டாவதும் இருக்க வேண்டாமா?

இணை நூல் இல்லாத இடங்களில், தம் மறுபக்கத்தைத் தாமே சுமக்கும் நூல்களுக்கு முன்னுரிமை தரலாம். பெருவின் சியூலா கிராண்டே மலையில் 1985இல் ஜோ சிம்ப்சனைத் தாங்கிய கயிற்றை அறுத்தவர் அவருடைய மலையேற்றத் தோழர் சைமன் யேட்ஸ். யேட்ஸின் பார்வையையும் தம் நூலிலேயே சேர்த்து, அந்தச் செயலை நியாயப்படுத்தினார் சிம்ப்சன்.

இடமும் பணமும் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால், ஒரே அறிவுரையை அட்டை மாற்றிச் சொல்லும் நூல்களில் சிலவற்றைக் குறைத்து அந்த இடத்தை ஒதுக்குங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே முதல் பதிப்பின் ஆண்டையும், அது முழுப் பதிப்பா திருத்திய பதிப்பா என்பதையும், பின்னர் எழுந்த மறுப்பையும் இரண்டே வரிகளில் குறிப்பிடுங்கள். அடுத்த பட்டியலிலிருந்தே இதைத் தொடங்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்