மூன்று அறைக் கணக்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். எல்லவில் நம் காணியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மூன்று அறை கட்ட 60 இலட்சம், செலவு போக வருடம் 15 இலட்சம் மிஞ்சும், நாலு வருடத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும் என்கிறாய். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் தோட்டத்து ஆபீசில் இத்தனை காலம் இருந்தவன் சொல்கிறேன், இதை மட்டும் வைத்து எந்தக் கம்பனியும் காசை இறக்காது.

அவர்கள் முதலில் பார்ப்பது, அந்தக் காசுக்கு வருடம் எவ்வளவு விலை என்று. உனக்குப் பாதி வங்கிக் கடன், 14 வீத வட்டி. மறு பாதி நீ கத்தாரில் சேர்த்தது. அதுவும் சும்மா வந்ததில்லை. நிலையான வைப்பில் போட்டால் பயமில்லாமல் வட்டி வரும், அறை கட்டினால் நட்டமும் வரலாம். அதற்கு 10 வீதமாவது கேட்கவேண்டும். (என்னைக் கேட்டால் 10 குறைவு.) சராசரி 12 வருகிறது. இனி ஒவ்வொரு வருட வரவையும் 12 வீதத்தால் இன்றைய பெறுமதிக்குக் குறைத்துப் பார். (அடுத்த வருடம் வரும் 112 ரூபாய் இன்றைக்கு 100 ரூபாய்தான்.) நாலு வருட வரவு 45 இலட்சத்துச் சொச்சம்தான். 60 நிரம்ப ஆறாம் வருடம் முடியப்போகும். மிஞ்சுவது 12 இலட்சமாக இறங்கினால் எட்டு வருடமும் தாண்டிவிடும்.

இப்படிக் குறைத்த வரவையெல்லாம் கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் வருவதுதான் தேறிய தற்போதைய பெறுமதி. சைபருக்கு மேலே நின்றால் எடுக்கலாம், கீழே போனால் விடவேண்டும்.

தேயிலையில் இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று வைக்க முடியாது. குவாத்தமாலாப் புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றவேண்டும். அப்புறம் வீ.பி. கன்று (விதையில்லாமல் தண்டு வெட்டி வளர்த்தது) வைத்தால், ஒழுங்காகக் கொழுந்து எடுக்க இன்னும் மூன்று நாலு வருடம். அதுவரை செலவுதான், பழைய செடி கொடுத்த கொஞ்சக் கொழுந்தும் போச்சு. 12 வீதத்தில், பத்து வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய பெறுமதி 32 ரூபாய். இருபது வருடமென்றால் 10 ரூபாய். போதாததற்கு 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. செடி அதற்குப் பிறகும் நிற்கும், கொழுந்து யாருக்கோ? மலையைக் கிழடாக விடுகிறார்கள் என்று நம் ஆட்கள் துரைமாரைத் திட்டுவார்கள். திட்டுவதில் நியாயம் உண்டு, ஆனால் கணக்கும் அவர்கள் பக்கம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

வட்டியும் அப்படியே நிற்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படை அதுதான்) ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. முதல் நாள் நல்லதாக இருந்த எத்தனையோ திட்டம் மறுநாள் தேறாமல் போயிருக்கும். அந்த மாதிரிக் காலத்தில் காசு சீக்கிரம் திரும்புமா என்று பார்ப்பதும் தப்பில்லை. ஆனால் திரும்பிய பிறகு என்ன வரும் என்பதை அந்த முறை காட்டாது.

உள்ளக வருவாய் வீதம், அதாவது தேறிய தற்போதைய பெறுமதியைச் சைபராக்கும் வீதம், 18 வருகிறது என்று உன் கூட்டாளி சொன்னானாம். சரி, வீதத்தைப் பார்த்து மயங்காதே. ஒரு இலட்சத்தில் 30 வீதம் வருவதைவிட 60 இலட்சத்தில் 18 வீதம் வருவது கைக்குக் கூடக் கொடுக்கும். அவன் என்ன வரவைப் போட்டு அந்த 18ஐ எடுத்தான் என்று கேள்.

உன் தாளில் மூன்று திருத்தம். வீட்டுப் படம் கீறியவருக்குக் கொடுத்த காசை எடுத்துவிடு. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது திரும்பாது. காணிக்கு நீ சைபர் போட்டிருக்கிறாய். அதை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தது, அந்த வாடகையைச் செலவில் போடு. அம்மா சமைப்பாள், தம்பி பார்த்துக்கொள்வான் என்றும் எழுதியிருக்கிறாய். அவர்களுக்குச் சம்பளம் போடு. அம்மா சிரிக்கிறாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லவில் அறை வைத்திருக்கிற தெரிந்தவர்களிடம், ஐப்பசி கார்த்திகை மழையில் எத்தனை நாள் அறை காலியாகக் கிடக்கிறது என்று நான் விசாரிக்கிறேன். மண்சரிவு அபாயம் இல்லை என்ற சான்றுக்கும் கேட்டுப் பார்க்கிறேன். நீ 12 இலட்சம், 9 இலட்சம் என்று போட்டுத் திருப்பிக் கணக்கெழுதி அனுப்பு. அதுவரை காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோகும் பேச்சு வேண்டாம்.

அப்பா
பண்டாரவளை