மருத்துவப் பணியாளரின் மனப்பாங்கையும் அளவிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணிடம் ‘இரு விரல் பரிசோதனை’ (அவர் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று பிறப்புறுப்பில் விரல்களைச் செலுத்திப் பார்ப்பது) செய்யக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் உறுதிபடக் கூறிய உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் உத்தரவிட்டது. பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை மட்டும் அதன் பயனைக் காட்டாது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை வன்கொடுமை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், காவல் நிலையப் புகார் இல்லாவிட்டாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது, தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பனவற்றை அவர்கள் அறிந்திருக்கிறார்களா என்று வினாத்தாளால் எளிதில் சோதிக்கலாம். மனப்பாங்கை அளப்பதே கடினம். ‘காயம் இல்லையென்றால் அவள் இணங்கியிருப்பாள்’, ‘தாமதமாக வந்தால் அது பொய்ப்புகார்’ போன்ற கூற்றுகளுடன் எந்த அளவு உடன்படுகிறார்கள் என்பதைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், சில மாதங்கள் கழித்தும் பெயர் குறிப்பிடாமல் கேட்டறிய வேண்டும். பெயர் வெளிப்படும் என்றால், எவரும் எதிர்பார்க்கப்படும் விடையையே எழுதுவர். சட்டத்தை நன்கு அறிந்த மருத்துவரே இக்கூற்றுகளை உள்ளூர நம்பினால், அந்த நம்பிக்கை அவருடைய அறிக்கையில் இடம்பெற்று நீதிமன்றம் வரை செல்லும். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அது இரண்டாவது கொடுமை.

தமிழக சுகாதாரத் துறை இத்தகைய மதிப்பீட்டை அரசு மருத்துவமனைகளில் தமிழிலேயே நடத்த வேண்டும். அப்பெண் முதலில் சந்திக்கும் செவிலியரையும் அனுமதிச்சீட்டு எழுதுபவரையும் அதில் விட்டுவிடக் கூடாது.

– செவிலியர் பயிற்றுநர், மதுரை