குமரா, அந்த 1939 ரூபாய்

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் சுதாவும் பாப்பாவும் நலம்தானே? போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் எழுதித் தபாலில் போடுகிறேன்.

உன் பெயருக்கு மறுபடியும் ஒரு பார்சல் வந்தது. ஓசூரில் வீட்டை வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் விலாசத்தை எதற்குக் கொடுக்கிறான் என்று அம்மா கேட்டாள். அப்பாவிடம் காட்டத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன். பிரித்துப் பார்த்தேன். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 வெள்ளி ரூபாய். பில்லில் 18,000.

வெள்ளி அசல்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தராசில் 11.6 நின்றது. பழைய ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம், தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுவிட்டால் எடை சரி. மேஜையில் சுண்டினேன், கிண்ணென்று நீளமாக ஒலித்தது. கல்லில் உரைக்கவில்லை. சேகரிக்கிற காசை உரைத்தால் மதிப்பே போய்விடும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பேங்கில் அத்தனை வருஷம் அப்ரைசராக உட்கார்ந்தவனுக்கு அது தெரியாமல் இருந்தது.

ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்ததும் மனசு சரியில்லை. 1939-இல் இரண்டு 9 இருக்கிறது அல்லவா? முதல் 9-இன் வால் மெலிந்து வளைந்து முடிகிறது. கடைசி 9-இன் வால் தடியாக, வெட்டி விட்ட மாதிரி நிற்கிறது. அதற்கு இடப்பக்கம் ஊசி முனையளவு ஒரு பள்ளம். சுற்றிலும் காசு கறுத்திருக்கிறது, அந்த இடம் மட்டும் வெளுப்பு. அது 8-ஆக இருந்த எண், குமரா. கீழ் வட்டத்தின் இடது பாதியைச் செதுக்கி எடுத்திருக்கிறான். 1938 ரூபாயும் அதே எடை, அதே மாற்று: பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, நகைக்கடையில் 916 என்கிறார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்கு. அதனால் தராசு ஏமாறும், காது ஏமாறும். பொய் உலோகத்தில் இல்லை, வருஷத்தில்தான் இருக்கிறது.

1939 ரூபாய் மிக அபூர்வம் என்பது உனக்கே தெரியும். 1940-லிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். லட்சத்தில் போகிற காசை ஒருவன் 18,000-க்குக் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு என்ன, நம் மேல் பாசமா? இதைக் கேட்காமல் எப்படிப் பணம் போட்டாய்? எட்டு வயதில் என் மடியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே வெள்ளி எது, நிக்கல் எது என்று சொன்ன பிள்ளை நீ. மேனேஜர் பிரமித்துப் போனார்.

இனிமேல் வாங்குவதாக இருந்தால் பணம் போடுவதற்கு முன்னால் ஓரத்தைப் படம் கேள். தலையும் பூவும் எல்லோரும் அழகாக எடுத்து அனுப்புவார்கள், ஓரத்தைக் காட்டமாட்டார்கள். உருக்கி வார்த்த போலிக் காசாக இருந்தால் ஓரத்தில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும், அதை அரத்தால் தேய்த்திருந்தால் ஓரத்துப் பற்கள் மழுங்கியிருக்கும். எழுத்துகள் தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கும். தராசில் வைத்து வீடியோ கேள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடு. காந்தத்தை மட்டும் நம்பாதே. வெள்ளியில் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் 1947 புலி ரூபாய் சுத்த நிக்கல், அசலே ஒட்டும். ஒட்டுகிறதே என்று அதைப் போலி என்றவர்களும் உண்டு, ஒட்டவில்லை என்று ஈயத்தை வெள்ளி என்றவர்களும் உண்டு. பணம் போடுவதற்கு முன்னால் படத்தை எனக்கு அனுப்பு.

பண்ருட்டிப் பெரியப்பா போன வாரம் வந்திருந்தார். ராமர், சீதை, லட்சுமணர், அனுமார் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, 1818, அரை அணாவாம். கோடிக்குப் போகும் என்று யூடியூபில் பார்த்தாராம். கம்பெனி இந்தியா முழுதுக்கும் ஒரே மாதிரி காசு அடிக்க ஆரம்பித்ததே 1835-இல்தான், இது யாரோ பிற்காலத்தில் அடித்த சாமி வில்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டார். முந்திரித் தோப்பு விஷயத்தில் நடந்ததும் இதேதான், உனக்குத் தெரியாததா.

அவரைவிட எனக்கு உன்னைப் பற்றித்தான் பயம். வாங்குகிறவன் அடுத்து விற்கப் பார்ப்பான். பழைய காசை லட்சம் கொடுத்து வாங்குகிறோம், முதலில் ஜிஎஸ்டி கட்டு, கமிஷன் கட்டு என்று எவனாவது ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதம் அனுப்பினால் ஒரு ரூபாய்கூடப் போடாதே. நாங்கள் அப்படி எந்த வியாபாரத்திலும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் பரவாயில்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய், எவ்வளவு சீக்கிரம் செய்கிறாயோ அவ்வளவு நல்லது. அப்புறம் எனக்குச் சொல். நான் திட்டமாட்டேன்.

சுதா செவ்வாய்க்கிழமை பேசினாள். பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ், மாடி வீட்டுத் தண்ணீர் பிரச்சினை எல்லாம் சொன்னாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பேசும்போது காலை 11 மணி. பின்னால் உன் இருமல் கேட்டது. லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முந்தின வாரமும் இதே நேரம், இதே இருமல். மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

காசு ஆசை உனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பாண்டியில் வாங்கி வைத்த துட்டு, ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்றும் இருக்குமே, அது பீரோவில் அப்படியே இருக்கிறது. கையால் அடித்த காசு, பூ ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், ஓரம் கோணல்மாணல். நீ வந்தால் ஞாயிற்றுக்கிழமை பாண்டி காந்தி வீதிச் சந்தைக்குப் போகலாம். அங்கேயும் போலி உண்டு. ஆனால் கையில் எடுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வரலாம். இந்த மாதம் முழுக்க வந்து இருந்தாலும் சரி, உன் அறையை அம்மா சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பார்சலைத் திருப்பி அனுப்ப ஏழு நாள் என்று பில்லில் போட்டிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அந்த 9-ஐ லென்ஸ் வழியாக ஆறு படம் எடுத்து உன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். "வருஷம் திருத்தப்பட்டது" என்று எழுதி, படங்களையும் சேர்த்து அவனுக்கு அனுப்பு. அவன் என்ன சொன்னாலும் அந்த ரூபாயைத் திருப்பி அனுப்பித்தான் ஆகவேண்டும். கூரியருக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல். பகலில் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அப்பா